சுவர்ப் பக்கத்து ஷொக் அப்சோபர்

ஐப்பசி 9, செவ்வாய்

நேற்று உர மூட்டைகளோடு தேயிலைத் தோட்டத்து மலைப்பாதையில் இறங்கும்போது, வளைவில் ஜீப்பின் பின்பக்கம் துள்ளி விலகியது. பள்ளத்துக்கு ஒரு சாண்தான் மிச்சம். இன்று நோர்வூட் கராஜில் காட்டினேன். மூன்று வருஷத்துக்கு முன் நான் புதிதாக வாங்கிப் பூட்டிய, குலுக்கலைத் தாங்கும் நாலு ஷொக் அப்சோபரில் ஒன்று எண்ணெய் கக்கியிருந்தது. துருப்பிடிக்கக் கூடாதென்று நாலின் தண்டிலும் கிரீஸ் பூசியது நான்தான். அதில் மண் ஒட்டி, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிட்டதாம்.

"மத்த மூணும் கண்ணாடி மாதிரி இருக்கே! யாருங்க தொடைக்கிறது?" என்றார் மெக்கானிக். எனக்குத் தெரியவில்லை.

லயத்து வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"நான்தான். கொழுந்தெடுத்துட்டு வந்து கை கால் கழுவுறப்ப அதையும் கழுவித் தொடைப்பேன். உரம் பட்டா என் கையே எரியுது, இரும்பு என்னாகும்? உங்க கிரீஸும் ஒரே மண்ணு, வழிச்சிட்டேன். சுவர் மூலையில ஒட்டி நிக்கிற பின் சில்லுக்குத்தான், அந்த டயருக்குப் பின்னால கை போகல."

மூன்று வருஷம். ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பாதையில் வண்டியைக் காப்பாற்றுவது என் கை என்றுதான் இருந்தேன். மலைத்துப்போய் அவள் கையையே பார்த்தேன்.

இன்று ஜீப்பைச் சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி நிறுத்தியிருக்கிறேன்.