இரண்டு கப் பிளேன்டீ

பட்டிப்பொல

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மதுசூதனன் வணக்கத்துடன் எழுதுவது. இருவரும் சுகமா? அப்பாவின் இருமல் குறைந்ததா? கினிகத்தேனையில் இன்னும் மழையா? நான் நன்றாக இருக்கிறேன். போன் பேசும்போதே அறுந்துபோகிறது, அதனால்தான் கடிதம்.

மாலை ரயிலுக்கு டிக்கெட் கொடுத்த பிறகு ஸ்டேஷனில் எனக்கு வேலை இல்லை. கிட்டாருக்கு ஒரு எக்கோ பெடலைப் பாகங்களாக வரவழைத்து நானே சேர்த்தேன். கம்பியை ஒருமுறை மீட்டினால் அதே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கும். ஈயம் உருக்கும்போது கட்டைவிரலில் சின்னச் சூடு, ஆறிவிட்டது. முதலில் சத்தமே வரவில்லை. பார்த்தால், ஒரு டயோடைத் திருப்பி வைத்திருக்கிறேன். சரியாக வைத்ததும் நான் வாசிக்க வாசிக்க அது பதில் சொன்னது. நிறுத்த மனம் வரவில்லை.

கதவைத் தட்டிக்கொண்டு போர்ட்டர் முத்துலிங்கம் அண்ணன் வந்தார். கையில் இரண்டு கப் பிளேன்டீ.

“ரெண்டு பேரு வாசிக்கிற சத்தம் கேட்டுச்சு தம்பி. வீட்டுலேருந்து யாரும் வந்திருக்காங்களா?”

“இல்லண்ணே, நான் மட்டுந்தான். உக்காருங்க, ஒண்ண நீங்க குடிங்க.”

“நேரமாச்சு தம்பி, வீட்டுல தேடுவாங்க.”

அவர் போய்விட்டார். இரண்டையும் நானே குடித்தேன்.

மாமா இந்தப் பக்கம் வந்தால் என் கம்பளிச் சட்டையையும் கொஞ்சம் ஊறுகாயையும் கொடுத்துவிடுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் நீங்களே கொண்டுவாருங்கள். கட்டில் ஒன்றுதான், நான் கீழே படுத்துக்கொள்வேன். ரயில் சத்தம் கேட்கிறது, டிக்கெட் கொடுக்கப் போகவேண்டும்.

உங்கள் மகன்,
மது