வைர முனைக்கு எவ்வளவு பாரம்

நேற்று தேரடி வீதிப் பாத்திரக் கடையில், பீங்கான் பூச்சுப் பூசிய தோசைக்கல் ஒன்றைக் கடைக்காரர் சாவியால் அழுத்திக் கீறிக் காட்டினார். "பாருங்கக்கா, ஒரு கோடு விழல" என்றார். பித்தளைச் சாவிக்குக் கோடு விழுந்தால்தான் அதிசயம். நீ இருந்திருந்தால் அதை அவரிடமே சொல்லிச் சிரிக்கவைத்து, ஒரு கரண்டியும் இலவசமாக வாங்கியிருப்பாய். நான் அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேங்கிக்காலில் நாம் வேலை பார்த்த சின்னச் சோதனைக்கூடத்துக்குப் பட்டறைக்காரர்கள் பீங்கான் பூச்சுப் போட்ட பம்புத் தண்டுகளை அனுப்புவார்கள். வைர முனையைப் பூச்சில் அழுத்தி, விழும் குழியை மைக்ராஸ்கோப்பில் அளப்போம். குழி சிறிதானால் பூச்சு கெட்டி. அளக்கும்போது பக்கத்தில் யாராவது டீ உறிஞ்சினால்கூட முறைப்பாய்.

தங்கை கல்யாணத்துக்காக நீ கீழ்பென்னாத்தூர் போயிருந்த வாரம், ஒரு பட்டறையின் சரக்கு முழுவதும் நான் அளந்ததில் மென்மையாகவே வந்தது. பட்டறைக்காரர் சத்தம் போட்டார். எனக்கு அளக்கத் தெரியவில்லை என்று மேலாளர் முடிவு கட்டி, வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த வேலையை நம்பித்தான் வீட்டில் சண்டை போட்டுவிட்டுத் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அப்படியொரு பயம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

நீ மருதாணிக் கையோடு வந்தாய். என் எண்களைக் கேட்காமலே அதே குழிகளை அளந்தாய். அதே எண்கள்தான் வந்தன. அத்தோடு விடாமல், பாரத்தைக் குறைத்துப் புதிதாக ஒரு குழி போட்டுப் பார்த்தாய். பூச்சு கெட்டியாக நின்றது. மேலாளர் வைக்கச் சொல்லியிருந்த பாரம் மெல்லிய பூச்சைத் தாண்டி அடியில் இருந்த இரும்புவரை அமுக்கியிருக்கிறது. நான் இரும்பையும் சேர்த்து அளந்திருக்கிறேன். என்னையும் கூட்டிக்கொண்டு மேலாளரிடம் போனாய். நீதான் பேசினாய்.

"அவ சரியாத்தான் பாத்திருக்கா சார். பூச்சு மெல்லிசு. நாமதான் லோடு ஜாஸ்தி வச்சுட்டோம்."

என் வேலையும் நிலைத்தது, அவர் மானமும் தப்பியது. அந்தப் பாரத்தை வைத்தபோது நீ கல்யாணப் பந்தலில் இருந்தாய் என்பது எனக்கு அறைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

நீ போன பிறகு இரண்டு கார்த்திகை தீபம் வந்துபோய்விட்டது. கூடத்துக்கு இப்போது நான் பொறுப்பு. போன வாரம் ஒரு பிசகுக்கு, "நாமதான் சரியா கவனிக்கல" என்று பட்டறைக்காரரிடம் சொன்னேன். அவர் போனதும் உடன் வேலை பார்ப்பவர் கேட்டார்: "நீங்க அன்னிக்கு லீவுதானே மேடம்?"

ஆமாம் என்றேன். அன்று மாலை முழுக்க அவரிடம் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.