ரேவதியின் மஞ்சள் சட்டையும் ஒரு கனத்த இஸ்திரிப்பெட்டியும்

ஜூலை 8, செவ்வாய்
மேகமூட்டம், மழை இல்லை. பழைய வேட்டி, பருத்திப் புடவைகளில் முப்பத்தாறு சதுரத் துண்டுகள் வெட்டியாயிற்று. ஒட்டுத் தைத்தால் ஒரு குட்டிப் போர்வை. தங்கை ரேவதிக்கு எட்டாம் மாதம். குழந்தை பிறக்கும் முன் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்று வீட்டில் பயம். போன முறை வாங்கி வைத்தோம், குழந்தை தங்கவில்லை. பழந்துணிக்குத் தடை இல்லையே! ஆனாலும் அவளிடம் சொல்லவில்லை.

இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்து, தைத்த இடம் படியத் தேய்த்தேன். எல்லாம் ஒரே அளவில் வெட்டிய துண்டுகள். இப்போது ஒன்றுக்கொன்று கால் அங்குலம் வித்தியாசம். எப்படி?

9, புதன்
ஆபீஸ் மீட்டிங் மியூட்டில். வேட்டித் துண்டுகளில் சோதனை.
நீராவியோடு: நன்றாக நீண்டது.
நீராவி இல்லாமல்: கொஞ்சம்.
சூடு குறைத்து: சுருக்கமே போகவில்லை.
குற்றவாளி நீராவியா, நானா?

சாயங்காலம் கேட் பக்கம் இஸ்திரி வண்டி மல்லிகாவிடம் காட்டினேன். என் வயதுதான்.

"இன்னாக்கா, சட்டை மாரி இழுத்துகினு கீறியா? தம்மாத்துண்டு துணி, நீளாம இன்னா செய்யும்? வெய்யி, அமுக்கு, தூக்கு. பொட்டி கனம்தான் வேல செய்யணும், நீ இல்ல."

அவள் பெட்டியை ஒற்றைக் கையால் என்னால் தூக்க முடியவில்லை.

"யாருக்குக்கா?"

"தங்கச்சி குழந்தைக்கு."

"பொறந்துட்ச்சா?"

"இன்னும் இல்ல."

துண்டைச் சட்டென்று மடித்து என் கையில் திணித்தாள். "அப்ப நான் எதையும் பாக்கல."

12, சனி
பூந்தமல்லிக்குப் போனேன், இஸ்திரிப்பெட்டி வாங்க. கடைக்காரர் நீராவிப் பெட்டியையே புகழ்ந்துகொண்டிருந்தார். "இருக்கறதுலயே கனமானது குடுங்க" என்றேன்.

"எல்லாரும் லேசாத்தானே கேப்பாங்க மேடம்?"

அடியில் ஓட்டை இல்லாத பழைய மாடல். பஸ்ஸில் ஓர் உதறல்: புதுசு வாங்கிவிட்டேனே. இது வீட்டுக்கு, குழந்தைக்கு இல்லை. எனக்கு நானே வக்கீல்.

வைத்து, அமுக்கி, தூக்கி. வித்தியாசம் நூலளவுகூட இல்லை. மல்லிகா!

13, ஞாயிறு
ரேவதி ஆவடியிலிருந்து சொல்லாமல் வந்து நின்றாள். கட்டில் முழுக்கத் துண்டுகள். போர்வையின் அளவைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"உன்னை யாரு கேட்டா?"

காபியைத் தொடவில்லை. போய்விட்டாள். எனக்கு ஏன் இந்த அவசரம்? அழுகை வந்தது. மேற்கொண்டு தைக்கவில்லை.

15, செவ்வாய்
தூறல். ரேவதியின் கணவர் வேலைக்குப் போகிற வழியில் ஒரு பை கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே மஞ்சள் பருத்திச் சட்டை, கைக்குழந்தை அளவு. போன முறை வாங்கியது. விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை. போன் செய்தேன்.

"ரெண்டு வருஷமா பீரோவுலயே கிடக்கு. தூக்கிப் போடவும் முடியல. வெட்டி நடுவுல வச்சுத் தைச்சிடுக்கா" என்றாள். போனை வைக்கும் முன், "இப்ப அது பழசுதானே?"

இரண்டு வருட மடிப்பு. வேட்டித் துண்டில் மூன்று தரம் சூடு பார்த்தேன். சட்டையில் துளி தண்ணீர். வைத்தேன். அமுக்கினேன். தூக்கினேன். மடிப்பு போய்விட்டது.

கத்திரியை எடுக்கத்தான் இன்னும் கை வரவில்லை.