முப்பத்தெட்டாவது பாகம்

2024 செப்டம்பர் 3, கொழும்பு

தொலைக்காட்சித் தொடரின் முப்பத்தெட்டாவது பாகத்தை இன்று எழுதி முடித்தேன். கடல் ஊருக்குள் வரும் பாகம்.

சாய்ந்தமருதிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தபோது, என் பேச்சைக் கேட்டு அலுவலகத்தில் சிரித்தார்கள். வருடக்கணக்காகச் சிங்களத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதினேன். இப்போது அதே பேச்சில் ஒரு தொடர். எழுதுவதும் நான், சானலுக்காகத் தயாரிப்பதும் நான். பார்க்க உம்மா இல்லை.

அதில் கடலோடு போகும் பிள்ளையின் பெயரை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் அது தம்பி நிஸாமின் மகள் றிபாதான். சுனாமியில் போனபோது ஆறு வயது. அன்று நான் கொழும்பில், டப்பிங்கில். நிஸாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியதைச் சனம் கண்டிருக்கிறது. தென்னையில் அவனைக் கண்டெடுத்தபோது தனியாக இருந்தான். இடையில் நடந்ததை அவன் யாருக்கும் சொன்னதில்லை. அதை நானே இட்டுக்கட்டினேன்.

அவனிடம் கேட்டிருக்க வேண்டுமோ?

அக்டோபர் 11

நீர்கொழும்பில் படப்பிடிப்பு. எங்கள் ஊர்ப் பக்கம், கல்முனை வரை போய்வர வசதியில்லை என்றார்கள். சூரியன் கடலுக்குள் இறங்கும் நேரத்தில் எடுத்தார்கள். எங்கள் கடலில் சூரியன் உதிக்கும், அலை வந்தது காலையில் என்று டைரக்டர் றஸ்மியிடம் சொன்னேன். “அழகா வருது மேடம், விடுங்க” என்றார்.

தகப்பனின் கை நழுவும்போது மகளாக நடித்த சின்னப்பிள்ளை “வாப்பா, வாப்பா” என்று கத்தி அழுதாள். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நானும்தான். காட்சி நன்றாக வந்துவிட்டது என்ற சந்தோஷமும் கூடவே இருந்தது. அதுதான் இப்போது என்னவோ செய்கிறது.

நவம்பர் 30

முன்னோட்டம் போகத் தொடங்கிவிட்டது. நிஸாமின் மனைவி றாஹிலா போன் எடுத்தாள்.

“மதினி, அவர் போன்ல பாத்திட்டார். சோத்துக் கோப்பைய அப்பிடியே வெச்சிட்டு எழும்பிப் போனவர்தான், இன்னும் வரல்ல. பேர மாத்தினா அது றிபா இல்லையா, மதினி?”



டிசம்பர் 1

நிஸாமை அழைத்தேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 9

அந்தக் காட்சியை வெட்டிவிடச் சொல்லிச் சானல் முகாமையாளரிடம் கேட்டேன். சுனாமியின் இருபதாவது வருடம், இருபத்தாறாம் திகதி அந்தப் பாகம்தான் போகும் என்றார்.

“அது என் தம்பியின் வாழ்க்கை, சேர்.”

“அதுதானே மேடம் அவ்வளவு உண்மையா இருக்கு.”

உண்மையாம். நான் இட்டுக்கட்டியது.

அது போனால் நான் இங்கே இருக்கமாட்டேன், என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். பெயரை எடுக்க உடனே சம்மதித்தார். மிச்சப் பாகங்களை எழுத ஆள் இருக்கிறதாம்.

டிசம்பர் 13

மேசையைக் காலி செய்தேன். யாரும் தடுக்கவில்லை.

டிசம்பர் 24, சாய்ந்தமருது

உம்மா மவுத்தான பிறகு பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து கூட்டினேன். பக்கத்து வளவுதான் நிஸாமுடையது. மோட்டார் சைக்கிளில் வந்தவன் என்னைக் கண்டதும் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தாடி முழுக்க நரைத்திருக்கிறது. என் தம்பி.

டிசம்பர் 26

காலையில் பள்ளிவாசலில், போனவர்களுக்காக துஆ. கடற்கரைப் பக்கம் நான் போகவில்லை.

அந்தியில், மஃரிபு தொழுகைக்குப் பிறகு அந்தப் பாகம் போனது. எனக்கு டீவி தேவைப்படவில்லை. நான் எழுதிய வசனம் நாலாபக்கத்து வீடுகளிலிருந்தும் கேட்டது. “வாப்பா, வாப்பா.” காதைப் பொத்திக்கொண்டு குசினி அடுப்படியில் இருந்தேன். பெயர் போடாவிட்டாலும் ஊருக்குத் தெரியாதா, யார் எழுதியது என்று?

முடிந்ததும் றாஹிலா வேலியடிக்கு வந்தாள். “முழுசாப் பாத்தார், மதினி. நிப்பாட்டட்டா எண்டு கேட்டன். வேணாமெண்டார்.”

அழுதானா என்று கேட்கப் பயமாக இருந்தது.

2025 ஜனவரி 4

பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு நிஸாம் வந்தான். வாசலில் நின்றவனை உள்ளே வரச் சொன்னேன். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். அது ஆறும்வரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க எழுதினதில அவள் அழுறாள், ராத்தா.”

“ஓம்.”

“றிபா அழல்ல.”

இருபது வருடத்தில் அவன் வாயால் அந்தப் பெயரை இன்றுதான் கேட்கிறேன்.

“சிரிச்சாள். தண்ணி தூக்கக்குள்ள என்னப் பாத்துச் சிரிச்சாள். நான் தூக்கிப் போட்டு வெளாடுறன் எண்டு நெனச்சிருப்பாள்.”

என்னை மன்னிச்சிரு என்றேன். அவன் ஆறிய பிளேன்டீயைக் குடித்து முடித்தான். மஃரிபு பாங்கு சொல்லும்வரை கதைத்துக்கொண்டே இருந்தான். அதை நான் எங்கும் எழுதமாட்டேன். இங்கேயும்.

ஜனவரி 19

வேறொரு தொலைக்காட்சியிலிருந்து அழைத்தார்கள். புதுத் தொடர், உங்கள் ஊர்க் கதையாகவே இருக்கட்டும் என்றார்கள். இப்போது முடியாது என்றேன்.

பின்னேரம் நிஸாம் வந்தான். றிபாவுக்கு முன்பல் ஆடிய நாட்களில் அவள் யாரையும் தொடவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்ததைச் சொன்னான். சொல்லிவிட்டு, இன்னொரு பிளேன்டீ கேட்டான்.