பிரஷைத் துடைத்த விரல்

மார்ச் 3, செவ்வாய்

முதியோர் எழுத்து வகுப்பில் டீச்சர் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். தினமும் எழுத வேண்டுமாம், இரண்டு வரி போதுமாம். எனக்கு அறுபத்தொன்பது வயது. நாற்பத்தைந்து வருடம் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தேன். ஏறாத சுவர் இல்லை. எழுத்தில் ஏறியது இந்த ஆறு மாதமாகத்தான். கை வலிக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 4, புதன்

உப்புப் பாக்கெட்டை முழுக்கப் படித்தேன். சோப்பு உறையையும். மனைவி, "சாப்பாடு ஆறுது. உப்பு எங்கயும் ஓடிடாது" என்றாள்.

மார்ச் 7, சனி

வீட்டின் முன்னறைதான் மகளின் கடை. நகத்துக்கு ஜெல் பாலிஷ் போடுகிறாள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நீல வெளிச்சம் வரும் சின்ன விளக்குப் பெட்டி. இந்தப் பாலிஷ் காற்றில் காயாது. பூசிவிட்டு விரலை அந்தப் பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும். நான் ஓரமாக உட்கார்ந்து புட்டிகளின் பெயரைப் படிப்பேன். மாதுளை. மழைச் சாம்பல். பெயின்ட் டப்பாவுக்கும் இப்படிப் பெயர் இருந்திருக்குமோ? நான் மூடியின் நிறத்தை மட்டும் பார்த்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

நூலகத்தில் வேலை செய்யும் அம்மாள் வந்திருந்தார். "நல்லா தடியா போடும்மா, ரொம்ப நாள் நிக்கட்டும்" என்றார்.

"தடியா போட்டா மேல இறுகிடும், உள்ள ஈரமாவே இருக்கும்க்கா. மெல்லிசா ரெண்டு கோட்டு போதும்."

அது நான் என் ஆட்களிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு. சுவருக்கும் நகத்துக்கும் ஒரே சட்டம்.

மார்ச் 11, புதன்

மகளின் இடது கட்டைவிரல் சிவந்திருக்கிறது. பக்கத்து விரல் நுனியும். அரிக்கிறதாம். "சோப்பு ஒத்துக்கலப்பா" என்றாள்.

மார்ச் 14, சனி

தோல் வெடித்துவிட்டது. கை கழுவும்போது பல்லைக் கடிக்கிறாள். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்: ஜெல்லே ஒத்துக்கொள்ளாமல் போய், இந்தத் தொழிலையே விட்டவர்கள் இருக்கிறார்களாம். அவள் கடை திறந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. எவ்வளவு ஆசையாகத் திறந்தாள். எனக்கு என்ன தெரியும் இதைப் பற்றி? ஒண்ணும் தெரியாது, போ.

மார்ச் 15, ஞாயிறு

பாலிஷ் வரும் பெட்டிக்குள் ஒரு தாள், எட்டாக மடித்தது. பிரித்தால் பல மொழிகள். ஒரு மூலையில் நம் எழுத்து, எறும்பு வரிசை மாதிரி. "நீ படிச்சியாம்மா?" என்றேன்.

"அதெல்லாம் பயிற்சியிலயே சொல்லிக் கொடுத்துட்டாங்கப்பா."

கண்ணாடியைப் போட்டு, அதற்கு மேல் பூதக்கண்ணாடியும் பிடித்தேன். இன்று நான்கு வரி. ஜெல்லுக்குப் பொருந்தும் விளக்கைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. கேட்டேன். பார்த்துத்தான் வாங்கினாளாம்.

மார்ச் 17, செவ்வாய்

ஒன்பதாவது வரி. இறுகாத ஜெல் தோலில் படக் கூடாது. பட்டால் உடனே துடைக்க வேண்டும். அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரலாம். ‘ஒவ்வாமை’ எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

மகள் சிரித்தாள். "இது தெரியாமலா கடை வெச்சிருக்கேன்? யார் தோல்லயாவது ஒரு சொட்டு பட்டுப் பாத்திருக்கீங்களா?"

இல்லைதான். நகத்தைச் சுற்றி ஒரு மயிரிழை இடம் விட்டுத்தான் பூசுவாள். பின்னே எப்படி?

மார்ச் 18, புதன்

இன்று புட்டியைப் படிக்கவில்லை. அவள் கையைப் படித்தேன்.

பிரஷைப் புட்டியிலிருந்து எடுக்கிறாள். நகத்துக்குப் போகும் முன், இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓர் இழுப்பு. முனை கூர்மையாகிறது. அப்புறம்தான் பூசுகிறாள். ஒரு நகத்துக்கு இரண்டு தடவை. ஒரு நாளைக்கு எத்தனை நகம்?

அது என் கை. ஜன்னல் ஓரம் அடிக்கும் முன் நான் அப்படித்தான் முனை கூட்டுவேன். ஐந்து வயதில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். தாயைப் போல பிள்ளை என்பார்கள். இது தகப்பனைப் போல.

வந்தவர் போனதும் சொன்னேன். அவள் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வர்றவங்க விரல மட்டுந்தான் பாத்துட்டிருந்தேன்பா."

மார்ச் 23, திங்கள்

தோல் டாக்டர் மகளின் முதுகில் வரிசையாகப் பட்டைகள் ஒட்டியிருக்கிறார். ஜெல்லில் இருக்கும் மருந்துகள் ஒத்துக்கொள்கின்றனவா என்று பார்க்க. வெள்ளிக்கிழமை தெரியும். கடை பூட்டு. மனைவி உப்பை இரண்டு முறை போட்டாள். அப்படியே சாப்பிட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

அலர்ஜி இல்லை. இல்லை. இல்லை.

ஜெல் பட்டுப் பட்டுத் தோல் புண்ணானதோடு சரி. டாக்டர், "இப்படியே விட்டிருந்தா அலர்ஜியாவே ஆகியிருக்கும். ஆயிட்டா அது லேசுல போகாது" என்றார். புண் நன்றாக ஆறும்வரை வேலை கூடாது. பிறகு நைட்ரைல் என்ற ரப்பர் கையுறை, அதில் ஜெல் பட்டால் உடனே வேறு மாற்ற வேண்டும்.

"காரணத்த யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"எங்கப்பா. ஆறு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது டாக்டர்."

இந்த வரியை இன்னொரு முறை எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், டீச்சர் பார்ப்பார்.

ஏப்ரல் 8, புதன்

நூலக அம்மாள் வந்தார். கடை பூட்டியிருந்ததால் பொறுமை இல்லாமல், பாலிஷை நகத்தால் நெம்பி உரித்துவிட்டாராம். நகத்தின் மேல் படலமும் சேர்ந்து வந்து, காகிதம் மாதிரி மெலிந்து கிடக்கிறது.

"ஊற வெச்சு, அதுவா இளகினதும் எடுக்கணும்க்கா. இனி இது வளர்ற வரைக்கும் உங்களுக்குப் பாலிஷ் கிடையாது."

"கடை தொறந்தாலுமா?"

"தொறந்தாலும்தான்."

"சுவரச் சுரண்டுனா சாந்தும் சேர்ந்து வரும்மா" என்றேன் நான்.

"பெரியவரே, நான் சுவரா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ஏப்ரல் 18, சனி

கடை திறந்தது. தோல் ஆறிவிட்டது. முதல் ஆளாக மனைவி போய் உட்கார்ந்தாள். பத்து விரலிலும் மாதுளை. இப்போது உப்புப் பாக்கெட்டை எடுக்கக்கூட விரலை விரித்து விரித்து எடுக்கிறாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கடை ஜன்னலுக்கு வெளியிலிருந்து பெயின்ட் அடித்தேன். ஓரத்துக்கு வந்ததும் பிரஷ் தானாக என் கட்டைவிரலுக்குப் போயிற்று.

"அப்பா. துணி."

மகள் உள்ளே நீலக் கையுறையோடு யாருக்கோ பூசிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

துணியில் துடைத்தேன். முனை நன்றாகவே கூடியது.