தூக்குப்போசிக்கு ஒரு பழஞ்சேலை

சூரமங்கலம்
28-7-1938

அன்புள்ள அம்மாவுக்கு, முத்தாயம்மாள் வணங்கி எழுதுவது. உங்கள் கால்வலி குறைந்ததா? அப்பாவால் தறிக்குழியில் உட்கார முடிகிறதா? இங்கே எல்லோரும் சுகம். சித்திக்குப் பேறுகாலம் நெருங்குவதால் அடுப்படி இப்போது என் பொறுப்பு.

என்னோடு பள்ளிக்கூடம் வரும் சித்தி மகள், தங்கச்சி ராசாத்திக்கு, அங்கே ஆறிய சோறு இறங்குவதில்லை. அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடுவாள். "பசியோட படிச்சு என்னாகுது? ஊட்டுலயே இருக்கட்டும்" என்று சித்தி சொல்லிவிட்டார். எனக்குப் பகீரென்றது.

அதனால் அரிசி, பருப்பு, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்து, கொதிக்கக் கொதிக்கத் தூக்குப்போசியில் அடைத்து, அப்பா நெய்து கொடுத்த சிவப்புத் துண்டைச் சுற்றிக் கட்டினேன். தறியிலிருந்து இறங்கிய துண்டை அலசாமல் கட்டலாமா? நெசவுக்காரர் மகளுக்கு அது தோன்றவில்லை. ஆவி பட்டுச் சாயம் மூடியோரமாக உள்ளே இறங்கிவிட்டது.

மத்தியானம் திறந்த ராசாத்தி, "ஏனுங்கக்கா, சோத்துக்குக் குங்குமம் வெச்சு உட்டீங்களா?" என்றாள். பயப்படாதீர்கள், அதை நாங்கள் சாப்பிடவில்லை.

மறுநாள், போர்த்திக்கொள்ள நீங்கள் கொடுத்த பழஞ்சேலையைச் சுற்றினேன். மத்தியானம் திறந்தபோது ஆவி பறந்தது. ராசாத்தி போசியை வழித்துச் சாப்பிட்டாள். சித்தியும், "சரி சாமி, போயிட்டு வரட்டும்" என்றார்.

இன்னொரு பழஞ்சேலை கொடுத்தனுப்புங்கள். ஆடிக்காற்றுக்கு நானும் போர்த்திக்கொள்ள வேண்டும். அந்தச் சேலையில் இப்போது வெங்காய வாசனைதான் வருகிறது. துவைக்க வேண்டாம், அம்மா. நீங்கள் கட்டி அவிழ்த்தபடியே இருக்கட்டும்.

சித்தப்பா ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். இதை அவரிடம் கொடுக்க ஓடுகிறேன்.

உங்கள் மகள்
முத்தாயம்மாள்