ஃபிரிட்ஜில் ஒட்டிய படகுப் பயணம்

அன்பு மகளுக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். மூன்று மாதமாகத்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு டம்ளர் தேநீர் ஆறிப்போகிறது.

நீங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டிய மலையாற்றுப் படகுப் பயணத் திட்டத்தை யார் உதவியும் இல்லாமல் முழுசாகப் படித்துவிட்டேன். அடியில் மாப்பிள்ளை எழுதியிருக்கிறார்: “மாமாகிட்ட ஆபீஸ் மீட்டிங்னு சொல்லிடு.” கிழவனுக்கு எழுத்து தெரியாது என்ற தைரியத்தில் என் மூக்குக்கு நேராகவே ஒட்டினீர்களா?

முப்பது வருடம் அந்த ஆற்றில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டுக் கூடவே போனவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டால் வாய் வலிக்குமா? இரட்டைப் பாறையைப் பத்து மணிக்குத் தாண்டுவதாகப் போட்டிருக்கிறீர்கள். மேலே அணையைத் திறப்பதே பத்து மணிக்குத்தான்; திறந்தால் அந்தப் பாறை இடுக்கில் வெள்ளம் படகைக் கவிழ்த்துவிடும். எட்டுக்குள் தாண்டிவிடு. முடியாவிட்டால் படகைத் தூக்கிக்கொண்டு கரையில் நட.

அடுத்த வாரமும் எழுதுவேன். அதைப் படிக்க முழுசாகத் திரும்பி வா.

கோபத்துடன்,
உன் அப்பா